டூரண்ட் அவென்யூவின் சின்னக் கோட்டை

கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், பல்கலைக்கழக வளாகத்துக்குத் தெற்கே சில நிமிட நடையில் டூரண்ட் அவென்யூ என்ற தெரு இருக்கிறது. மாணவர்களின் வாடகை வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில், 2315ஆம் எண்ணில், ஆறு மாடி உயரத்துக்கு ஒரு பழைய கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. கூர்முனை வளைவுகள், கல்லில் பூவேலை செய்ததுபோன்ற சன்னல்கள், ஸ்பெயினின் பழைய முஸ்லிம் அரசர்களின் மூரிஷ் பாணி அரண்மனையையும் ஐரோப்பியத் தேவாலயத்தையும் ஒருசேர நினைவூட்டும் முகப்பு. ஊரார் அதைச் 'சின்னக் கோட்டை' என்கிறார்கள். பெரிய கோட்டை தெற்கே, பசிபிக் கடலோரத்தில், சான் சிமியோன் மலைமேல் இருக்கிறது. பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டுக்காகக் கட்டிய மாளிகை அது. இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, ஜூலியா மார்கன்.

சின்னக் கோட்டைக்கு இன்றைய பெயர் பெர்க்லி நகர கிளப். 1930இல் அது திறக்கப்பட்டபோது இருந்த பெயர் 'பெர்க்லி பெண்கள் நகர கிளப்'. நடுவிலிருந்து ஒரு சொல் கழன்று போயிருக்கிறது. அந்தச் சொல் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கேட்டுப் போனால் அமெரிக்கப் பெண்களின் வரலாற்றில் பாதி விரிகிறது.

நம் காதில் 'கிளப்' என்ற சொல் விழுந்தவுடன் வேறு காட்சிகள்தான் எழுகின்றன. வெள்ளைக்காரத் துரைகள் டென்னிஸ் ஆடிவிட்டு மது அருந்திய இடம், பணக்காரர்களின் மனமகிழ் மன்றம், கொஞ்சம் பின்னே போனால் காபி கிளப். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெண்கள் தொடங்கிய கிளப்புகளைப் புரிந்துகொள்ள இவற்றையெல்லாம் ஒதுக்கிவைக்க வேண்டும். அவை பொழுதுபோக்கும் இடமாகவும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் கல்லூரிக்குப் போக வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கு வகுப்பறையாகவும், வாக்குரிமை இல்லாதவர்களுக்குச் சட்டமன்றமாகவும் இருந்தன என்பதுதான் முக்கியம்.

தொடக்கம் ஒரு விருந்து. 1868 ஏப்ரலில், அமெரிக்கப் பயணத்தை முடித்துக்கொண்டு புறப்படவிருந்த சார்லஸ் டிக்கன்ஸுக்கு நியூயார்க் பத்திரிகையாளர் கிளப் டெல்மோனிகோ உணவகத்தில் விருந்து ஏற்பாடு செய்தது. ஜேன் கன்னிங்ஹாம் குரோலி அப்போது பெயர்பெற்ற பத்திரிகையாளர். அவர் டிக்கெட் கேட்டார். பெண்ணுக்கு டிக்கெட் இல்லை என்று மறுத்தார்கள். பேச்சு வளர்ந்த பிறகு, விரும்பினால் பெண்கள் திரைக்குப் பின்னால், விருந்தாளியின் கண்ணில் படாமல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று இறங்கிவந்தார்கள். குரோலி அந்தச் சலுகையை உதறினார். அதற்குள்ளாகவே, மார்ச் மாதத்தில், தோழிகளைச் சேர்த்துக்கொண்டு 'சோரோசிஸ்' என்ற கிளப்பைத் தொடங்கிவிட்டார். விருந்து முடிந்த சில நாட்களில் அவர்கள் அதே டெல்மோனிகோவில், ஆண் துணை யாரும் இல்லாமல், தங்கள் மதிய உணவுக் கூட்டத்தை நடத்தினார்கள். கௌரவமான உணவகத்தில் பெண்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அந்நாளில் கேள்விப்படாத காரியம்.

தாவரவியல் படித்தவர்களுக்குச் சோரோசிஸ் என்ற சொல் பழக்கமானதுதான். பல பூக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே கனியாகத் திரளும் கூட்டுக்கனிக்கு அந்தப் பெயர். அன்னாசி, மல்பெரி, நம் பலா எல்லாம் அந்த வகை. வெளியே ஒரு பழம், உள்ளே எத்தனை சுளையோ அத்தனை பூக்கள். ஒரு சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அதே 1868இல் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து பெண்கள் கிளப் தோன்றியது. அதன் முதல் தலைவர் கரோலைன் செவரன்ஸ் பின்னாளில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, 1891இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'வெள்ளிக்கிழமைக் காலை கிளப்'பைத் தொடங்கினார். 1890இல் பெண்கள் கிளப்புகளின் பொதுக் கூட்டமைப்பு உருவானது. 1900இல் கலிஃபோர்னியா மாநிலத்துக்குத் தனிக் கூட்டமைப்பு வந்தது. ஊர் ஊராக, வாரம் ஒருமுறை கூடி, ஒருவர் கட்டுரை வாசிக்க மற்றவர்கள் விவாதிப்பதுதான் வழக்கம். ஷேக்ஸ்பியரில் தொடங்கிய பேச்சு நாளடைவில் பால் சுத்தமாக இருக்கிறதா, குழந்தைகள் ஏன் ஆலையில் வேலை செய்கிறார்கள், ஊருக்கு ஏன் நூலகம் இல்லை என்று திரும்பியது. அமெரிக்கச் சிற்றூர்களின் பொது நூலகங்களில் பெரும்பகுதி இந்தப் பெண்கள் வீட்டு அலமாரியிலிருந்து கொண்டுவந்து அடுக்கிய புத்தகங்களில் தொடங்கியதுதான். கலிஃபோர்னியாவில் அவர்கள் மரங்களுக்காகவும் நின்றார்கள். 'ரெட்வுட்' எனப்படும் வானைத் தொடும் செம்மரக் காடுகளை அறுவை மில்களிடமிருந்து மீட்கப் பணம் திரட்டினார்கள். ஹம்போல்ட் செம்மரப் பூங்காவில் இன்றும் அவர்கள் பெயரில் ஒரு மரத்தோப்பு உண்டு. அதன் நடுவே, நான்கு திசைக்கும் முகம் காட்டும் நான்கு அடுப்புகள் ஒரே புகைபோக்கியில் கூடும்படி ஒரு கல் கணப்பு இருக்கிறது. அதை வடிவமைத்தவரும் ஜூலியா மார்கன்தான்.

கலிஃபோர்னியாப் பெண்களுக்கு 1911 அக்டோபர் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை கிடைத்தது. வித்தியாசம் வெறும் 3,587 வாக்குகள். சராசரியாக ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு வாக்கு என்று கணக்குச் சொல்வார்கள். வாக்களித்தவர்கள் அனைவரும் ஆண்கள். அந்த ஒற்றை வாக்கை ஒவ்வொரு சாவடியிலும் பெற்றுத் தந்ததில், பல ஆண்டுகளாகக் கூட்டம் நடத்தவும் பணம் வசூலிக்கவும் மேடையில் பேசவும் பழகியிருந்த கிளப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த வரலாற்றில் ஒரு கறை இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. ஜோசஃபின் செயின்ட் பியர் ரஃபின் என்ற கறுப்பினப் பெண்மணி பாஸ்டனில் ஒரு கிளப் நடத்தினார். இரண்டு வெள்ளையர் கிளப்புகளிலும் அவர் உறுப்பினர். 1900இல் மில்வாக்கியில் பொதுக் கூட்டமைப்பின் மாநாடு நடந்தபோது, வெள்ளையர் கிளப்பின் பிரதிநிதியாக உள்ளே வரலாம், கறுப்பினத்தவர் கிளப்பின் பிரதிநிதியாக வர முடியாது என்று சொன்னார்கள். ரஃபின் தம் கிளப்பை விட்டுக்கொடுக்கவில்லை. 1902இல் லாஸ் ஏஞ்சலிஸில் கூடிய மாநாடு இதற்கு ஒரு சமரசம் கண்டது. நடைமுறையில் அது கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தும் சமரசமாகவே இருந்தது. டெல்மோனிகோவின் திரையை உதறிய இயக்கம் முப்பது ஆண்டுகளில் தானே ஒரு திரையைத் தொங்கவிட்டது. கறுப்பினப் பெண்கள் 1896இலேயே தங்களுக்கென்று தேசியச் சங்கம் அமைத்திருந்தார்கள். பெர்க்லியை ஒட்டிய ஓக்லாந்தில் 1899இல் ஃபேனி ஜாக்சன் காப்பின் கிளப் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் கறுப்பினப் பெண்கள் கிளப்புகளுக்கெல்லாம் அதுவே தாய்.

கூடிப் பேசுவதற்கு ஆள் சேர்ந்துவிட்டது. இடத்துக்கு என்ன செய்வது? பெரும்பாலான கிளப்புகள் உறுப்பினர் வீட்டு முன்னறையிலோ, தேவாலய நிலவறையிலோ, வாடகைக் கூடத்திலோதான் கூடின. வீடு என்றால் கணவரின் வீடு. தேவாலயம் என்றால் போதகரின் தயவு. வாடகைக் கூடத்துக்காரர் பேச்சின் பொருள் பிடிக்காவிட்டால் சாவியைத் தர மறுக்கலாம். சொந்தக் கட்டடம் என்பது அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. ஆனால் கட்டடத்துக்கு நிலமும் கடனும் வேண்டும். கலிஃபோர்னியாவில் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்தை மனைவி சமமாக நிர்வகிக்கும் உரிமை 1975இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெண் என்பதற்காகவோ கணவர் கையெழுத்து இல்லை என்பதற்காகவோ வங்கி கடன் மறுக்கக்கூடாது என்ற தேசியச் சட்டம் 1974இல்தான் பிறந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பெண்கள் சங்கத்தைப் பதிவுசெய்து, சந்தா திரட்டி, சங்கத்தின் பெயரில் மனை வாங்கிக் கட்டினார்கள். தனியொருத்தியாகச் செய்ய முடியாததைச் சங்கமாகச் செய்ய முடிந்தது.

பணம் படைத்தவர்களும் இதற்கு விலக்கல்ல என்பதற்கு நியூயார்க்கின் காலனி கிளப் சான்று. ஃபுளோரன்ஸ் ஹாரிமன் போன்ற செல்வச் சீமாட்டிகள் 1903இல் தொடங்கிய கிளப் அது. மாடிசன் அவென்யூவில் அதற்குக் கட்டடம் வரைந்த ஸ்டான்ஃபோர்ட் வைட் அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். 1906இல், தாமே வடிவமைத்த மாடிசன் ஸ்கொயர் கார்டனின் மொட்டை மாடியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளப் அடுத்த ஆண்டு திறந்தது. அதே 1907இல் ஹேரியட் ஸ்டான்டன் பிளாட்ச் என்ற வாக்குரிமைப் போராளியும் அவர் தோழியும் நியூயார்க்கின் ஹாஃப்மன் ஹவுஸ் ஓட்டலில் சாப்பிடப் போனார்கள். ஆண் துணை இல்லாததால் பரிமாற மறுத்தார்கள். பிளாட்ச் வழக்குப் போட்டார், தோற்றார். கோடீஸ்வரர் மனைவியானாலும் நகரத்தில் தனியாக ஒரு வேளைச் சோறு உண்ணவும் ஒரு இரவு தங்கவும் கிளப் தேவைப்பட்டது. காலனி கிளப் ஒன்பது ஆண்டுகளில் பார்க் அவென்யூவில் பெரிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய கட்டடத்தில் இப்போது நடிப்புப் பள்ளி நடக்கிறது.

பெர்க்லியின் கதை கோடீஸ்வரர்களின் கதையல்ல. அது பேராசிரியர்கள், பள்ளி ஆசிரியைகள், நடுத்தரக் குடும்பத்தினரின் ஊர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1870லிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வகுப்பறையில் இடம் கிடைத்தவர்களுக்குச் சாப்பாட்டு மேசையில் இடம் கிடைக்கவில்லை. வளாகத்துக்குள் 1902இல் எழுந்த ஆசிரியர் கிளப் ஆண்களுக்கானது. அதனால் பெண்கள் நலத் தலைவராக இருந்த லூசி ஸ்டெபின்ஸும் சக ஆசிரியைகளும் 1919இல் தங்களுக்கென்று தனி ஆசிரியர் கிளப் அமைத்து, 1923இல் கட்டடமும் கட்டினார்கள். ஊருக்குள் பல பெண்கள் சங்கங்கள் சிதறிக் கிடந்தன. ஆளுக்கொரு சிறு கட்டடம் கட்டித் திணறுவதைவிட எல்லாரும் சேர்ந்து ஒன்று கட்டலாம் என்ற எண்ணத்தில், 1927இல் பெர்க்லி பெண்கள் நகர கிளப் பிறந்தது. சமூக, நகர, பண்பாட்டு முன்னேற்றத்துக்குத் துணைநிற்பது அதன் நோக்கம் என்று வாசலில் உள்ள மாநில வரலாற்றுச் சின்னப் பலகை சொல்கிறது. மீண்டும் அதே கூட்டுக்கனி.

கட்டடத்தை வரைய யாரை அழைப்பது என்பதில் அவர்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருந்திருக்காது. ஜூலியா மார்கன் அவர்களில் ஒருத்தி. 1872இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து, ஓக்லாந்தில் வளர்ந்து, 1894இல் பெர்க்லியில் சிவில் பொறியியல் பட்டம் பெற்றவர். கட்டடக் கலைஞர் பெர்னார்ட் மேபெக் தந்த ஊக்கத்தில் 1896இல் பாரிஸுக்குப் போனார். அங்கிருந்த எகோல் தெ போ-ஆர் உலகின் முதன்மையான கட்டடக்கலைப் பள்ளி. அதுவரை அதன் கட்டடக்கலைப் பிரிவில் ஒரு பெண்ணும் படித்ததில்லை. மார்கன் பாரிஸில் காத்திருந்தார். தேர்வெழுதலாம் என்று கதவு திறந்தபோது எழுதினார். கிடைக்கவில்லை. மீண்டும் எழுதினார். கிடைக்கவில்லை. மூன்றாம் முறை, 1898இல், பதின்மூன்றாம் இடத்தில் தேறினார். 30 வயதோடு படிப்பு முடிந்துவிட வேண்டும் என்பது பள்ளியின் விதி. அந்த எல்லையைத் தொட்ட வேளையில், 1902இல், கட்டடக்கலைச் சான்றிதழ் பெற்ற முதல் பெண்ணாக ஊர் திரும்பினார்.

ஊரில் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஜான் கேலன் ஹோவர்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். தன்னிடம் அருமையான வரைவாளர் ஒருவர் இருக்கிறார், பெண் என்பதால் ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்க வேண்டியதில்லை என்று ஹோவர்ட் பெருமையடித்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. 1904இல் மார்கன் கலிஃபோர்னியாவில் கட்டடக் கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண்ணானார், தனி அலுவலகம் திறந்தார். அந்த ஆண்டே ஓக்லாந்தின் மில்ஸ் பெண்கள் கல்லூரியில் 72 அடி உயர மணிக்கூண்டு ஒன்றை இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டில் எழுப்பினார். கான்கிரீட்டை யாரும் முழுதாக நம்பாத காலம் அது.

1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் சான் ஃபிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் உலுக்கியது. பின்னாலேயே தீ. செங்கல் கட்டடங்கள் சரிந்து நகரம் சாம்பலானபோது மில்ஸ் கல்லூரியின் மணிக்கூண்டு அசையாமல் நின்றது. காரணம் புதிரல்ல. கான்கிரீட் தன்மேல் பெரும் பாரம் அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். இரும்புக் கம்பி இழுவையைத் தாங்கும். நிலநடுக்கத்தில் கட்டடம் பக்கவாட்டில் ஆடுகிறது. ஒருபுறம் அழுந்தும்போது மறுபுறம் இழுபடுகிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் இழுவைக்கு ஈடுகொடுக்காமல் பிரிந்துவிடும். கம்பியைக் கான்கிரீட்டுக்குள் சரியான இடத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று காப்பாற்றும். இதை அறிந்த பொறியாளர் ஒருத்தி தங்கள் ஊரிலேயே இருக்கிறாள் என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. தீயில் உள்ளெல்லாம் எரிந்து கூடாகிப்போன ஃபேர்மான்ட் ஓட்டலைச் சீரமைக்கும் பொறுப்பை மார்கனிடம் தந்தார்கள். ஒரே ஆண்டில் ஓட்டல் திறந்தது. பேட்டி காண வந்த பெண் நிருபர், உள் அலங்காரம் செய்தது மகிழ்ச்சியாக இருந்திருக்குமே என்று கேட்டாராம். தம் வேலை அலங்காரம் அல்ல, கட்டமைப்பு என்று மார்கன் திருத்தினார். அவர் வாழ்நாளில் தம்மைப் பற்றிச் சொன்ன மிகச் சில வார்த்தைகளில் இது ஒன்று.

அவர் கட்டிய கட்டடங்கள் 700க்கும் மேல். அவற்றுள் பெரும்பங்கு பெண்களுக்காகப் பெண்கள் கேட்டவை. இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்துக்கு ஓக்லாந்திலும் ஹொனலூலுவிலும் கட்டடங்கள், சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனர் பகுதியில் ஒன்று, மான்டெரே கடற்கரையில் அசிலொமார் முகாம், சரடோகாவிலும் சாசலிட்டோவிலும் சிறு கிளப்புகள். ஒரு பெண் சங்கத்தின் பெண்கள் அடுத்த சங்கத்துக்குச் சொல்ல, சொல்லிச் சொல்லியே அவர் கைக்கு வேலை வந்தது. ஹெர்ஸ்ட் குடும்பத்தின் அறிமுகம்கூட மகனால் வந்ததல்ல, தாய் ஃபீபி ஹெர்ஸ்டால் வந்தது. மார்கனை இன்று ஹெர்ஸ்டின் கட்டடக் கலைஞர் என்று மட்டுமே அறிமுகப்படுத்துகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. கிளப் பெண்களின் கட்டடக் கலைஞர் என்பதுதான் அவருக்குப் பொருந்தும் பட்டம்.

பெர்க்லியில் அவர் என்ன செய்தார்? கிழக்கே கொஞ்ச தூரத்தில், பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியிலேயே, நிலநடுக்கத்தை உண்டாக்கக்கூடிய ஹேவர்டு நிலப்பிளவு ஓடுகிறது. எனவே கம்பி போட்ட கான்கிரீட். ஆனால் கான்கிரீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஊற்றும்போது அது கஞ்சி, எந்த அச்சில் ஊற்றினாலும் அந்த வடிவம் கொள்ளும். கல்தச்சர் மாதக்கணக்கில் செதுக்க வேண்டிய வளைவையும் கொடியையும் ஒரு மர அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வார்த்துவிடலாம். சந்தா பணத்தில் கட்டும் சங்கத்துக்குத் தேவாலயத்தின் கம்பீரம் இப்படித்தான் கட்டுபடியானது.

உள்ளே நுழைந்தால் இருபுறமும் இரண்டு முற்றங்கள். நம் பழைய வீட்டு முற்றம் செய்யும் அதே வேலையை அவையும் செய்கின்றன. நெருக்கமான தெருவில் நாலுபுறமும் கட்டடம் சூழ்ந்தாலும் நடு வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அங்கிருந்தே வருகின்றன. முற்றங்களைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்கள், ஈயப் பட்டையில் கோத்த கண்ணாடிச் சன்னல்கள், உத்தரங்களில் வண்ண அச்சு ஓவியம். விளக்குகள், நாற்காலிகள், சாப்பாட்டு மேசைச் சாமான்கள் வரை மார்கனின் கண் பட்டது.

இந்தக் கட்டடத்தை அழகுக்காகப் பார்ப்பது ஒரு வகை. நான் வேறு வகையில் பார்க்க விரும்புகிறேன். ஒவ்வொரு அறையையும் பார்த்து, இது ஏன் இங்கே இருக்கிறது, இதற்காக இவர்கள் ஏன் வெளியே போகவில்லை என்று கேட்டால், வெளியே மூடிக்கிடந்த ஒரு கதவு தெரிகிறது. சாப்பாட்டுக் கூடமும் தேநீர் அறையும் டெல்மோனிகோவின் திரைக்கும் ஹாஃப்மன் ஹவுஸின் மறுப்புக்கும் பதில். மேடையோடு கூடிய அரங்கு, சாவி தர மறுத்த வாடகைக் கூடத்துக்குப் பதில். மேல் மாடிகளின் படுக்கையறைகளும் அப்படியே. தனியாக வரும் பெண்ணை ஓட்டல்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலத்தில், வெளியூர் விருந்தாளியும், தனியே வாழும் ஆசிரியையும், கணவரை இழந்தவரும் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் தங்க ஓர் அறை இங்கே இருந்தது.

எல்லாவற்றிலும் என்னை அசைத்தது நீச்சல் குளம். தரைத்தளத்தில், கூரைக்குக் கீழே, 75 அடி நீளம். தேவாலய நடுக்கூடம்போல் வளைவுகள் வரிசையாக மேலே எழுந்து நிற்கின்றன, உயரச் சன்னல்களிலிருந்து வெளிச்சம் தண்ணீரில் விழுந்து கூரையில் அலையாடுகிறது. 1912 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நீச்சலே கிடையாது. அந்த ஆண்டு சேர்த்தபோதும் அமெரிக்கா தன் பெண்களை அனுப்பவில்லை. 1917இல் நியூயார்க்கில் சார்லட் எப்ஸ்டைன் பெண்கள் நீச்சல் சங்கம் தொடங்கினார். அங்கே பழகிய கெர்ட்ரூட் எடர்லி 1926இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார், அதுவரை கடந்த ஆண்கள் எல்லாரையும்விட வேகமாக. அடுத்த ஆண்டு பெர்க்லி கிளப் பிறக்கிறது. அதே 1927இல் பல்கலைக்கழகத்தில் மார்கனும் மேபெக்கும் சேர்ந்து வடிவமைத்த பெண்கள் உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளங்களோடு திறக்கப்படுகிறது. வழிபாட்டுக்குரிய கம்பீரத்தை ஒரு நீச்சல் குளத்துக்குத் தந்த மார்கன், பெண்ணின் உடல் வலிமையைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

கட்டடம் எழுந்த காலத்தையும் மறக்கக்கூடாது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. நாடு முழுதும் தொடங்கிய கட்டடங்கள் பாதியில் நின்றன. பெர்க்லிப் பெண்கள் 1930இல் கட்டி முடித்துத் திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்த பாரம் அது. சான் சிமியோனில் மார்கன் 1919லிருந்து 1947 வரை, வார இறுதிதோறும் ரயிலேறிப் போய்க் கட்டிய பெரிய கோட்டையோ கடைசிவரை முடியவேயில்லை. அங்கே ஒரு மனிதரின் ஆசைக்கு எல்லை இல்லை. கட்டியதை இடித்து, இடித்ததைக் கட்டி, ஒரு குளத்தை மூன்று முறை மாற்றிக் கட்டினார்கள். சின்னக் கோட்டைக்குத் திட்டமும் சந்தாக் கணக்கும் இருந்தன. எது நல்ல கட்டடம் என்று கேட்டால் நான் தயங்காமல் டூரண்ட் அவென்யூவைத்தான் காட்டுவேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெண்கள் கிளப்புகள் மெலிந்தன. பகல் நேரக் கூட்டங்களுக்கு வந்தவர்களின் மகள்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ஓட்டல்களும் உணவகங்களும் அவர்களுக்குத் திறந்தன. கிளப்புகள் எந்தக் கதவுகளுக்காகப் போராடினவோ அவை திறக்கத் திறக்க, கிளப்பின் தேவை குறைந்தது. உறுப்பினர் பட்டியல் சுருங்க, பழைய கட்டடத்தின் பராமரிப்புச் செலவு மட்டும் ஏறியது. லாஸ் ஏஞ்சலிஸில் வெள்ளிக்கிழமைக் காலை கிளப் 1924இல் கட்டிய ஆறு மாடிக் கட்டடம் 1977இல் கைமாறியது. பெர்க்லி வேறு வழியைத் தேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆண்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, பெயரிலிருந்து 'பெண்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. இதைத் தோல்வி என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆண்கள் கிளப்புகள் பெண்களைச் சேர்த்துக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள், பல வழக்குகள் தேவைப்பட்டன. இங்கே கதவின் சாவி பெண்களிடம் இருந்தது. அவர்களே திறந்தார்கள். ஆனாலும் அந்தச் சொல் பலகையில் இல்லாததால், வழிப்போக்கர் ஒருவருக்கு இது யார் கட்டியது என்று தெரியாமலே போய்விடுகிறது. அந்த இழப்பு உண்மையானது.

கட்டடம் இன்று கலிஃபோர்னியாவின் 908ஆம் வரலாற்றுச் சின்னம். 1977இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலிலும் ஏறியது. பட்டியலில் ஏறுவது எளிது, பராமரிப்பது கடினம். கான்கிரீட்டைக் காக்கும் கம்பிதான் அதற்குப் பகையும். நுண்ணிய விரிசல் வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு உப்பிக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். ஈயப் பட்டைகள் தளர்ந்தால் சன்னல் கண்ணாடி வளையும். அச்சில் வார்த்த கொடி உடைந்தால் அதே அச்சை மறுபடி செய்ய வேண்டும். மேல் மாடி அறைகளில் ஓட்டல் நடத்தி வரும் வருவாயும், திருமண விருந்துகளும், கட்டடத்தைப் பேணுவதற்கென்றே அமைந்த அறக்கட்டளை திரட்டும் நன்கொடையும் இந்தச் செலவுக்குப் போகின்றன. ஒரு சிறிய கூடத்தில் நாடகக் குழு ஒன்று பார்வையாளர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார வைத்துப் புதிய நாடகங்கள் நடத்துகிறது. குளத்தில் உறுப்பினர்கள் இன்றும் நீந்துகிறார்கள்.

ஜூலியா மார்கன் 1951இல் அலுவலகத்தை மூடினார், 1957இல் மறைந்தார். விளம்பரத்தை வெறுத்தவர், பேட்டிக்குச் சிக்காதவர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு 2014இல் வழங்கியது. அவர் இறந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். டூரண்ட் அவென்யூக் கட்டடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு இப்போது 'ஜூலியாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிளப்பில் உறுப்பினராக இல்லாதவர்களும் அங்கே போய், யாருடைய துணையும் இல்லாமல், தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.